நெஞ்சிலே கத்தி, தோளிலே நோவு

நுரையீரலில் கத்தி வைத்துக்கொண்டு வீடு திரும்பியவனைப் பார்க்க வருகிறவர்கள், ஆரஞ்சுப் பழப் பையை மேஜைமேல் வைத்த மறுகணமே குரலைத் தாழ்த்திக்கொண்டு, "நெஞ்சு ரொம்ப வலிச்சுதா?" என்றுதான் கேட்கிறார்கள். கேள்வி நியாயமானது, கேட்பவர்களின் அன்பும் சந்தேகத்துக்கு இடமில்லாதது. ஆனால் நான் உள்ளதை உள்ளபடி, "நெஞ்சு அவ்வளவாக வலிக்கவில்லை, தோள்தான் பிராணனை வாங்கிவிட்டது" என்று பதில் சொன்னால், அவர்கள் முகத்தில் ஒரு சிறு ஏமாற்றம் படர்வதைக் காண்கிறேன். புலி வேட்டைக்குப் போய்வந்தவன் புலியைப் பற்றி ஒரு வார்த்தையும் பேசாமல் காலில் தைத்த முள்ளைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தால் கேட்பவனுக்கு எப்படி இருக்கும்? இருந்தாலும் அந்த முள்ளின் கதையைத்தான் இன்று எழுத உட்கார்ந்திருக்கிறேன். அந்த வலிக்கு ஒரு பெயரும் காரணமும் உண்டு என்பதும், அதை முன்கூட்டியே தடுக்கும் வழிகளை உலகத்து வைத்தியர்கள் பல ஆண்டுகளாக ஆராய்ந்து வருகிறார்கள் என்பதும், எனக்கு எல்லாம் முடிந்த பிறகுதான் தெரியவந்தது.

பூர்வ கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1978-இல், என்னுடைய 22-ஆம் வயதில், எனக்கு க்ஷயரோகம் கண்டது. அதற்காகச் சானடோரியத்தில் போய்ப் படுக்க வேண்டிய அவசியம் எனக்கு நேரவில்லை. சென்னையில் 1956-இல் தொடங்கி 1959-இல் முடிவு வெளியான பரிசோதனை ஒன்று, வீட்டிலிருந்தபடியே மருந்து சாப்பிட்ட ஏழை நோயாளிகளும், சானடோரியத்தில் நல்ல உணவும் ஓய்வும் கொடுத்துப் பராமரிக்கப்பட்டவர்களும் ஏறக்குறைய ஒரே அளவில்தான் குணமடைகிறார்கள் என்பதை உலகத்துக்கே காட்டியிருந்தபடியால், நானும் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்தபடியே ஓராண்டுக்கு மேல் ஊசியும் மாத்திரையுமாகக் காலங்கழித்துத் தேறினேன். நோய் போயிற்று, ஆனால் வலது நுரையீரலின் மேல்மடலில் அது குடியிருந்த பொந்து மட்டும் போகவில்லை. பாழடைந்த வீட்டில் வௌவால் வந்து அடைவதைப்போல, நாற்பது ஆண்டுகளுக்குமேல் கழிந்தபின் அந்தப் பொந்தில் ஒரு பூஞ்சை வந்து பந்தாகத் திரண்டு, ஒரு நாள் விடியற்காலையில், இருமலோடு ஒரு கைக்குட்டை நிறைய ரத்தத்தைக் கொண்டுவந்து காட்டிற்று. மேல்மடலை எடுத்துவிடுவதே பரிகாரம் என்றார்கள். சம்மதித்தேன்.

ஆபரேஷனுக்கு முதல்நாள் மாலை, மயக்க மருந்து கொடுக்கும் டாக்டர் ஒருவர் வந்து, முதுகில் இரண்டு தோள்பட்டைகளுக்கும் நடுவே நூல்போன்ற ஒரு குழாயைச் செருகி, அதன் வழியாக மரத்துப்போகும் மருந்தைக் கொஞ்சங் கொஞ்சமாகச் செலுத்திக்கொண்டே இருப்பார்கள் என்றும், அதற்கு எபிடூரல் என்று பெயர் என்றும், விலாவைப் பிளந்த வலி அதனால் பெரும்பாலும் தெரியாது என்றும் சொல்லிவிட்டுப் போனார். சொன்ன வாக்கு பொய்க்கவில்லை. பிரக்ஞை வந்து, என் சரீரத்தில் எது எது எங்கே இருக்கிறது என்று நான் கணக்கெடுக்கத் தொடங்கியபோது, வலது விலாப்பக்கத்திலிருந்து இரண்டு குழாய்கள் இறங்கிக் கட்டிலுக்கடியில் தண்ணீர் ஊற்றி வைத்த பாட்டில்களுக்குள் போவதையும், நான் லேசாக இருமினால் அந்தத் தண்ணீரில் குமிழிகள் கிளம்புவதையும் கண்டேன். ஆனால் வெட்டுப்பட்ட இடத்தில், யாரோ கனத்த கம்பளியைப் போர்த்தி அழுத்தியதுபோன்ற ஒரு மந்தமான உணர்வைத் தவிர வேறொன்றும் இல்லை. ஆஹா, விஞ்ஞானத்தின் மகிமைதான் என்னே என்று நான் வியந்து முடிப்பதற்குள், வலது தோளின் மேட்டில், சட்டையின் தையல் வந்து முடிகிற அந்த இடத்தில், ஒரு நோவு தலைகாட்டிற்று.

அது குத்தலும் அல்ல, எரிச்சலும் அல்ல. பல்வலியைப் பெயர்த்தெடுத்துத் தோளில் நட்டுவைத்தால் எப்படி இருக்குமோ அப்படி, விட்டு விட்டு வராமல், ஓயாமல், ஆழத்திலிருந்து குடைந்துகொண்டே இருந்தது. அன்றிரவு பணியிலிருந்த நர்ஸ் மிகவும் நல்ல பெண். எதற்கும் இருக்கட்டுமென்று ஈ.ஸி.ஜி.கூட எடுத்துப் பார்த்தாள். இருதயத்தில் கோளாறில்லை என்று தெரிந்ததும், "ஒருக்களிச்சுப் படுக்க வச்சு, கையைத் தூக்கி மேலே வச்சிருப்பாங்க சார். மணிக்கணக்கா அப்படியே இருந்ததால வந்த பிடிப்பு. காலைல சரியாயிடும்" என்றாள். காலையில் சரியாகவில்லை. பார்க்க அனுமதி கிடைத்து வந்த என் மனைவி, "தைலம் தேய்ச்சு விடட்டுமாங்க?" என்று கேட்டு, கைப்பையிலிருந்த சிறு புட்டியை எடுத்துத் தேய்த்தும் விட்டாள். தோல் காந்திற்று, நோவு அசையவில்லை. எங்கள் தைலம் யாரோ அடுத்த வீட்டுக்காரனின் கதவைத் தட்டிக்கொண்டிருந்தது என்பது எங்களுக்கு அப்போது தெரியாது.

வலியைப் பொறுத்துக்கொள்வது ஒரு புறம் இருக்க, அதனால் விளையும் வேறொரு கஷ்டம் உண்டு. நுரையீரல் சிகிச்சை செய்துகொண்டவர்களுக்கு, மூன்று சிறு பந்துகள் அடைத்த ஒரு பிளாஸ்டிக் கருவியைக் கொடுத்து, அதன் குழாயை வாயில் வைத்து மூச்சை இழுத்துப் பந்துகளை ஒவ்வொன்றாக மேலே எழுப்பச் சொல்வார்கள். ஆழமாக மூச்சு விடாவிட்டால் எஞ்சிய நுரையீரல் நன்றாக விரியாது. இருமித் துப்பாவிட்டால் கோழை தேங்கி, காய்ச்சலும் நிமோனியாவும் வந்து சேரும். விலா மரத்துப்போயிருந்தபடியால் எனக்கு மூச்சிழுப்பதில் சிரமம் இருக்கக்கூடாது. ஆனால் இழுக்கிற ஒவ்வொரு மூச்சும் நேரே போய்த் தோளைப் பிடித்து உலுக்கியபடியால், முதல் பந்து பாதிவரை எழும்பித் தயங்கிவிட்டுக் கீழே விழுந்தது. மற்ற இரண்டும் இருந்த இடத்தைவிட்டு நகரவேயில்லை.

அன்று மாலை, மயக்க மருத்துவப் பிரிவிலிருந்து வேறொரு இளம்பெண் டாக்டர் வந்தார். நான் தோளைப் பற்றிச் சொன்னதும், மற்றவர்களைப்போல் தலையை ஆட்டிவிட்டுப் போகாமல், தோளை நாலு இடத்தில் விரலால் அழுத்தி, "இங்கே அழுத்தினா நோகுதா?" என்று கேட்டார். நோகவில்லை. கையைப் பிடித்து மெல்லச் சுழற்றினார். அதுவும் சங்கடமில்லாமல் சுழன்றது. "இப்ப மூச்சை நல்லா இழுங்க" என்றார். இழுத்தேன், முகம் தானாகச் சுளித்தது. அவர் புன்னகை செய்துகொண்டே, "இது தோள்வலி இல்லை சார். தோள்ல தெரியிற வலி" என்றார். பிறகு என் எக்ஸ்ரே உறையைத் திருப்பி, அதன் பின்பக்கத்தில் பேனாவால் ஒரு படம் போட்டுக் காட்டினார். அந்த உறை இன்னும் என்னிடம் இருக்கிறது. அவர் அன்று சொன்னதையும், பிறகு நானே தேடிப் படித்ததையும் சேர்த்து இங்கே எழுதுகிறேன்.

நெஞ்சையும் வயிற்றையும் பிரிக்கும் தசைத்தட்டாகிய உதரவிதானத்துக்குச் சுவாசத்தில் பிரதான பங்கு உண்டு என்பது பள்ளிப் பாடத்திலேயே வருகிறது. ஆனால் விலா எலும்புகளின் அடிவரம்பில் கூரைபோலக் கவிந்திருக்கும் இந்தத் தசைக்கு ஆணை கொண்டுவரும் நரம்பு, பக்கத்திலிருக்கும் முதுகுத்தண்டிலிருந்து வராமல், எங்கோ கழுத்தில், 3, 4, 5 ஆகிய எண்களுள்ள கழுத்துத் தண்டுவட நரம்புகளிலிருந்து கிளம்பி, நெஞ்சுக்கூட்டின் நீளம் முழுவதும் இருதயத்தின் உறையை ஒட்டியபடி இறங்கி வந்து சேர்கிறது. டாக்டர்கள் இதைப் பிரெனிக் நரம்பு என்கிறார்கள். நாம் உதரவிதான நரம்பு என்று சொல்லிக்கொள்ளலாம். பக்கத்துக் கிணற்றை விட்டுவிட்டு நாலு மைலுக்கு அப்பாலிருந்து தண்ணீர் கொண்டுவருவானேன் என்று கேட்டால், அதற்குக் கர்ப்பகாலத்தில் விடை இருக்கிறது. சிசு கருவில் நான்கு வாரமாக இருக்கும்போது உதரவிதானத்தின் மூலமாகிய சவ்வு கழுத்துப் பகுதியில்தான் தோன்றுகிறது. அங்கேயே நரம்பையும் பெற்றுக்கொள்கிறது. பின்பு உடல் நீண்டு வளர வளர, எட்டாவது வாரத்துக்குள், தன் நரம்பையும் இழுத்துக்கொண்டு கீழே வந்து இப்போதிருக்கும் இடத்தில் குடியேறுகிறது.

நம் குடும்பங்களில் இதற்கு ஒரு நல்ல உவமை உண்டு. பாட்டனார் காலத்திலேயே ஊரைவிட்டு வந்தாயிற்று. நிலமும் இல்லை, வீடும் இல்லை, தெரிந்த மனிதர்களும் இல்லை. ஆனாலும் பிள்ளைக்கு முதல்மொட்டை போட வேண்டுமானால், கார் வைத்துக்கொண்டு அந்தப் பழைய ஊரின் குலதெய்வத்திடந்தான் போகிறோம். குடியிருப்பு மாறினாலும் குலதெய்வம் மாறுவதில்லை. உதரவிதானத்தின் குலதெய்வம் கழுத்தில் இருக்கிறது. அதற்கு ஒரு துன்பம் நேர்ந்தால், அந்தச் செய்தி கழுத்திலுள்ள அந்த மூன்று நரம்புகளின் வழியாகவே தண்டுவடத்துக்குள் நுழைகிறது. தோள்மேட்டின் தோலிலிருந்து வருகிற செய்தியும் அதே வாசல் வழியாகத்தான் நுழைகிறது. தோளிலிருந்து ஆயிரம் செய்திகளும் உதரவிதானத்திலிருந்து எப்போதோ ஒன்றுமாகக் கேட்டுப் பழகிய மூளை, வந்தது தோளின் ஓலம் என்றே முடிவுகட்டிவிடுகிறது.

இது நுரையீரல் நோயாளிகளுக்கு மட்டும் ஏற்பட்ட விசித்திரம் அல்ல. துளைபோட்டுப் பித்தப்பையை எடுத்துக்கொண்ட பெண்கள், மறுநாள் "வயித்தைவிடத் தோள்தான் வலிக்குது" என்று சொல்வதை நீங்கள் கேட்டிருப்பீர்கள். வயிற்றுக்குள் நிரப்பிய வாயு உதரவிதானத்தின் அடிப்பக்கத்தை உறுத்துவதால் வருவது அது. அடிபட்டு மண்ணீரல் கிழிந்தவர்களுக்கு இடது தோள் வலிப்பதை ஓர் அபாய அறிகுறியாகக் கொண்டு, ஹான்ஸ் கேர் என்ற ஜெர்மானிய சர்ஜனின் பெயரால் வைத்திய மாணவர்கள் இன்றும் படிக்கிறார்கள். சிகாகோவிலிருந்த ஜோசப் கேப்ஸ் என்ற வைத்தியர் இன்னும் ஒரு படி மேலே போய், நெஞ்சில் நீர் கோத்த நோயாளிகளிடம், நீரை வெளியேற்றும் ஊசிக்குழாய் வழியாக ஒரு கம்பியை உள்ளே விட்டு உதரவிதானத்தைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தார். ஓரத்தைத் தொட்டால் கீழ்விலாவிலும் வயிற்றிலும் வலித்தது. நடுப்பகுதியைத் தொட்டாலோ கழுத்தும் தோளும் சந்திக்கும் மேட்டில் வலித்தது. 1932-இல் அவர் வெளியிட்ட நூல் இந்த விஷயத்தில் இன்றும் அடிக்கல்லாக விளங்குகிறது.

இப்போது என் எபிடூரல் ஏன் தோளைக் காப்பாற்றவில்லை என்பது விளங்கும். அந்த மருந்து நெஞ்சுப் பகுதியின் விலா நரம்புகளை மட்டுமே மரக்கச் செய்கிறது. வெட்டுக்காயமும் விலாவும் அந்த எல்லைக்குள் அடங்கிவிடுகின்றன. உதரவிதானமும் இருதய உறையும் குழாய்களின் உறுத்தலால் எழுப்புகிற முறையீடு அந்த எல்லைக்கு மேலே, கழுத்து வழியாகப் போய்விடுகிறது. மருந்தைக் கழுத்துவரை ஏற்றிவிடலாமே என்றால், இரண்டு பக்கத்து உதரவிதான நரம்புகளும் சேர்ந்து உறங்கிவிட்டால் நோயாளி மூச்சு விடுவது எப்படி?

ஆகவே, வேரிலேயே மருந்து வைத்தால் என்ன என்று இங்கிலாந்தில் லிவர்பூல் நகரத்து மயக்க மருத்துவர்கள் யோசித்தார்கள். நெஞ்சு திறந்திருக்கும்போது உதரவிதான நரம்பு சர்ஜனின் கண்ணுக்கு நேராகவே ஓடிக்கொண்டிருக்கிறது; அது உதரவிதானத்தை அடையும் இடத்திலுள்ள கொழுப்புத் திட்டில் மரத்துப்போகும் மருந்தை ஊசியால் செலுத்துவது ஒரு நிமிஷத்து வேலை. எபிடூரல் கொடுக்கப்பட்ட 48 நோயாளிகளை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவினருக்கு ஒரு சதவீத லிக்னோகெயின் 10 மில்லிலிட்டரும், மற்றவர்களுக்கு அதே அளவு வெறும் உப்புநீரும் அந்த இடத்தில் செலுத்தினார்கள். 2001-இல் வெளியான அந்த ஆராய்ச்சியின்படி, உப்புநீர் பெற்றவர்களில் நூற்றுக்கு 85 பேருக்குத் தோள் வலித்தது. மருந்து பெற்றவர்களில் நூற்றுக்கு 33 பேருக்குத்தான் வலித்தது. நூற்றுக்கு 85! இந்த எண்ணிக்கையைப் படித்தபோது எனக்கு ஆறுதலும் கோபமும் ஒருங்கே வந்தன. இத்தனை பேருக்கு வருகிற ஒன்றை எனக்கு ஒரு வார்த்தை முன்னமே சொல்லியிருக்கக் கூடாதா?

ஆனாலும் ஒரு சந்தேகம் எஞ்சுகிறது. நர்ஸ் சொன்னதுபோல, ஒருக்களித்துக் கிடந்ததால் மூட்டில் ஏற்பட்ட பிடிப்பாகவும் இருக்கலாமல்லவா? அதையும் அதே லிவர்பூல்காரர்கள் சோதித்தார்கள். தோள்மூட்டின் உணர்ச்சியில் பெரும்பகுதியைச் சுமப்பது தோள்பட்டை எலும்பின் மேலாக வருகிற ஒரு நரம்பு. வலி மூட்டில் இருக்குமானால் அந்த நரம்பை மரக்கச் செய்தால் தணிய வேண்டும். மருந்து கொடுத்துப் பார்த்தார்கள். 2002-இல் வெளியான முடிவு, அதற்கும் உப்புநீருக்கும் வித்தியாசமில்லை என்று காட்டிற்று. பொய்யான சாட்சியை விசாரித்து அனுப்பிய பிறகு உண்மையான குற்றவாளி தனித்து நிற்பதைப்போல, பழி மறுபடியும் உதரவிதான நரம்பின்மேலேயே வந்து விழுந்தது. 2011-இல் ஸ்பெயினில் இந்த இரண்டு முறைகளையும் நேருக்கு நேர் நிறுத்திப் பார்த்தபோதும், உதரவிதான நரம்பில் வைத்த மருந்தே வென்றது. இதனால் நர்ஸ் சொன்னது அபத்தம் என்று ஆகிவிடாது. தசைப்பிடிப்பால் தோள் வலிப்பவர்களும் சிலர் உண்டு. அழுத்தினால் நோகிறதா, கையை அசைத்தால் நோகிறதா என்று என்னை அந்த டாக்டர் சோதித்தது, இந்த இரண்டையும் பிரித்தறியத்தான்.

இப்போது நரம்பின் வேறொரு முகத்தைச் சொல்லவேண்டும். க்ஷயரோகக்காரனாகிய எனக்கு இது தனிப்பட்ட முறையில் மெய்சிலிர்க்க வைத்த விஷயம். 1944-இல் ஸ்ட்ரெப்டோமைசின் உலகத்துக்கு அறிவிக்கப்படுவதற்கு முன், க்ஷயத்துக்கு மருந்தே இல்லாத காலத்தில், நோயுற்ற நுரையீரலுக்கு ஓய்வு கொடுத்தால் புண் ஆறும் என்று நம்பிய சர்ஜன்கள், கழுத்தில் சிறிதாகக் கீறி, இதே உதரவிதான நரம்பைத் தேடியெடுத்து இடுக்கியால் நசுக்கிவிடுவார்கள். அந்தப் பக்கத்து உதரவிதானம் மாதக்கணக்கில் செயலற்று மேலே ஏறி நின்றுவிடும். நரம்பு மறுபடி துளிர்க்கும்வரை நுரையீரல் அரை உறக்கத்தில் கிடக்கும். நான் ஒரு தலைமுறை முந்திப் பிறந்திருந்தால், எந்த நரம்பால் இப்போது அவதிப்பட்டேனோ அதே நரம்பை என் கழுத்தில் நசுக்கியிருக்கக்கூடும்.

இந்தப் பழங்கதையிலேயே புதிய சிகிச்சைக்குரிய எச்சரிக்கையும் அடங்கியிருக்கிறது. வலிச் செய்தியைச் சுமக்கும் நரம்பே மூச்சின் ஆணையையும் சுமக்கிறது; ஒன்றை நிறுத்தினால் மற்றதும் கொஞ்சமாவது தடைப்படும். கழுத்தில் அல்ட்ராசவுண்ட் துணையால் இந்த நரம்பைக் கண்டு மருந்து செலுத்தும் முறையை டென்மார்க்கில் பரிசோதித்து, தோள்வலி வெகுவாகக் குறைவதாக 2016-இல் வெளியிட்டார்கள். கைக்குச் செல்லும் நரம்புக் கற்றையைக் கழுத்தருகே மரக்கச் செய்யும் முறையும் சில இடங்களில் உண்டு. ஆனால் அந்தக் கற்றைக்கு அருகிலேயே உதரவிதான நரம்பு ஓடுவதால், 1991-இல் அல்ட்ராசவுண்ட் வைத்துப் பார்த்தபோது, வழக்கமான அளவில் அந்த ஊசி போட்டுக்கொண்ட ஒவ்வொருவருக்கும் பாதி உதரவிதானம் செயலிழந்திருந்தது தெரிந்தது. ஆரோக்கியமானவன் சில மணி நேரம் பாதி உதரவிதானத்தோடு சமாளித்துக்கொள்வான். ஏற்கெனவே நுரையீரலில் ஒரு பகுதியை இழந்து, எஞ்சியதும் புகையாலோ பழைய நோயாலோ பழுதுபட்டுக் கிடப்பவனுக்கு அந்தச் சில மணி நேரமே ஆபத்தாகலாம். மூன்று பந்துகளை எழுப்பச் செய்வதற்காக வலியைத் தடுக்கப் போய், பந்துகளை எழுப்பும் தசையையே உறங்க வைத்துவிட்டால் என்ன பிரயோஜனம்? ஆகவே இதை எல்லோருக்கும் கண்ணை மூடிக்கொண்டு செய்யாமல், நோயாளியின் சுவாச பலத்தை அளந்து, ஆளுக்கு ஆள் தீர்மானிக்க வேண்டியிருக்கிறது.

என் விஷயத்தில் அந்த டாக்டர் ஊசி எதையும் யோசிக்கவில்லை. அதற்குரிய வேளை கடந்துவிட்டது என்றும், என் பழைய நுரையீரலை நம்பி அப்படிச் செய்யத் தனக்குத் துணிவில்லை என்றும் சொன்னார். சிறுநீரகச் சோதனை முடிவைப் பார்த்துவிட்டு, பாராசிட்டமாலை ரத்தக்குழாய் வழியாக ஏற்றி, அதோடு வீக்கத்தைத் தணிக்கும் வலி மருந்து ஒன்றையும் சேர்த்தார். அன்றிரவு நோவு பாதியாயிற்று. இரண்டு பந்துகள் எழும்பின. மூன்றாம் நாள் கீழ்க்குழாயை உருவி எடுத்தார்கள். சாயங்காலம் என் மனைவி, "தோள் எப்படிங்க இருக்கு?" என்று கேட்டபோதுதான், அது வெகுநேரமாக வலிக்கவில்லை என்பதே எனக்கு ஞாபகம் வந்தது.

உங்களில் யாருக்காவது, அல்லது உங்களைச் சேர்ந்தவர்களுக்கு, நெஞ்சைத் திறக்கும் சிகிச்சை நேருமானால், முதல்நாள் மாலை வருகிற மயக்க டாக்டரிடம், "அந்தப் பக்கத்துத் தோள் வலிக்குமா? அதைத் தடுக்க என்ன செய்யப்போகிறீர்கள்? என் மூச்சுக்கு அது ஒத்துக்கொள்ளுமா?" என்று மூன்று கேள்விகளைக் கேட்டுவிடுங்கள். மூன்றாவது கேள்விக்கு 'இல்லை' என்று பதில் வந்தாலும் நஷ்டமில்லை. வேறு மருந்துகளைத் தயாராக வைத்திருப்பார்கள். வலி வரும்போது, அது இன்னதென்று தெரிந்தாவது படுத்திருப்பீர்கள். சிகிச்சைக்குப்பின் தோள் வலித்தால், சிறிய விஷயம் என்று வாயை மூடிக்கொள்ளாமல் சொல்லுங்கள். இருதயமோ வேறு கோளாறோ அல்லவென்று பார்த்து நிச்சயப்படுத்துவதும் அவர்கள் கடமை.

போன வாரம், எங்கள் தெருவில் எனக்கு இளையவர் ஒருவர், இடது நுரையீரலில் ஒரு பகுதியை எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரியில் கிடக்கிறார் என்று கேள்விப்பட்டுப் பார்க்கப் போனேன். அவரைப் பார்க்க வந்தவர்களெல்லாம் நெஞ்சைப் பற்றி விசாரித்து முடித்த பிறகு, "இடது தோள் எப்படி இருக்கு தம்பி?" என்று கேட்டேன். அவர் தலையணையிலிருந்து தலையைத் தூக்கி, "உங்களுக்கு எப்படிண்ணா தெரியும்? படுத்த வாகுன்னு சொல்றாங்க. ராத்திரி பூரா தூக்கமே இல்லை" என்றார். ஆரஞ்சுப் பழப் பையை மேஜைமேல் வைத்தேன். அங்கே கிடந்த எக்ஸ்ரே உறையை எடுத்துத் திருப்பி, சட்டைப்பையில் பேனாவைத் தேடினேன்.